மாலையைக் கழற்றிவிட்டுப் படம் எடுங்கள்

முப்பத்தொரு வருடம் மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்தவன் நான். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம், அப்புறம் திருவிழா. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்தது. பிறந்தது நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில். அந்தத் தோட்டத்து முருகன் கோயிலுக்கு வருடா வருடம் காசு வாங்காமல் படம் எடுத்துக் கொடுப்பேன்.

1994-இல் ஒரு மழை இரவு. கோயில் பூட்டை உடைத்து ஐம்பொன் உற்சவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் புகார் கொடுக்கப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன், கையில் பதினோரு வருடத் திருவிழா ஆல்பங்களோடு. மேசையில் பரப்பி வைத்தேன். அந்த அதிகாரி பொறுமையான மனிதர். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு, "பாத்தோங்ஞா மானா?" என்றார். சிலை எங்கே என்று கேட்கிறார்! குனிந்து பார்த்தேன். ரோஜா மாலை, பட்டு, சந்தனக்காப்பு, வெள்ளிக் கவசம், பின்னால் திருவாசி. நடுவில் இருபது காசு அளவுக்கு ஒரு முகம். அவ்வளவுதான் முருகன். "திங்கி பெராப்பா?" உயரம் எவ்வளவு? தலைவர் தன் இடுப்புக்கு நேராகக் கையைக் காட்டினார். செயலாளர் அதைவிட ஒரு சாண் கீழே காட்டினார். எடையைக் கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சிலை இன்றுவரை வரவில்லை. கோயில் கமிட்டியில் இருக்கிறவர்களும், தாத்தா காலத்துச் சாமான் வைத்திருக்கிறவர்களும், தோட்டத்து இடுகாட்டைக் கவனித்துக்கொள்கிறவர்களும் எப்படிப் படம் எடுத்து வைக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கேமரா வேண்டாம், கைப்பேசி போதும். ஒரு காலை நேரம் ஒதுக்கினால் ஒரு சின்னக் கோயிலை முடித்துவிடலாம்.

அசிங்கமான படம்தான் வேண்டும்

என் மகள் பினாங்கின் யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் தொல்லியல் படித்தவள். மாயன் கல்லறைகளைப் பற்றி அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மத்திய அமெரிக்காவில் குவாத்தமாலா நாட்டின் வடபகுதியில் பெத்தேன் என்று பெரிய காடு. அதற்குள் ஆயிரம் வருடத்துக்கும் முந்தைய மாயன் நகரங்கள், பிரமிடுகளுக்கு அடியில் அரச குடும்பத்துக் கல்லறைகள். அங்கே குழி பறித்துத் திருடுகிறவர்களை ஹுவேச்சேரோ என்கிறார்கள். மண்ணைக் குடையும் ஆர்மடில்லோ என்ற பிராணியின் மாயன் பெயரிலிருந்து வந்த பட்டம் அது. நாமாக இருந்தால் பெருச்சாளி என்று வைத்திருப்போம். கல்லறைப் பானைகளை மூட்டை கட்டுவார்கள். எழுத்தும் உருவமும் செதுக்கிய பெரிய நடுகற்களைச் சுமக்க முடியாது என்பதால் ரம்பம் போட்டு அறுத்துத் துண்டுகளாகக் கொண்டுபோவார்கள்.

மச்சாகிலா என்ற இடத்துக் கல் ஒன்று அப்படி அறுபட்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. அதை விற்கப் பார்த்த வியாபாரிக்கு 1973-இல் அங்கேயே தண்டனை கிடைத்தது. எப்படி மாட்டினார் தெரியுமா? இயன் கிரகாம் என்ற ஆய்வாளர் 1960களின் தொடக்கத்திலேயே காட்டுக்குள் போய் அந்தக் கல்லைப் பதிவு செய்து வைத்திருந்தார். அந்தப் பதிவு இருக்கும்போது, கல் எங்கிருந்து வந்ததோ எனக்குத் தெரியாது என்று கையை விரிக்க முடியவில்லை.

நம் பக்கத்துக் கதையும் அதேதான். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் கோயில் பூட்டியே கிடந்ததால் நடராஜர் போனது உடனே யாருக்கும் தெரியவில்லை. 2008-இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அதை 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2014 செப்டம்பரில் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. அடையாளம் காட்டியவை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பல வருடங்களுக்கு முன் அந்தக் கோயிலுக்குப் போய் எடுத்து வைத்திருந்த படங்கள். 1950களிலிருந்து கோயில் கோயிலாகப் போய் எடுத்துக் குவித்திருக்கிறார்கள். அந்த மாதிரிப் படங்களை ஒரு ஸ்டூடியோக்காரன் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவான். மாலை இல்லை, பட்டு இல்லை, விளக்கொளி இல்லை. நிறுத்தி வைத்து நேராக எடுத்தது, அவ்வளவுதான். என் பதினோரு ஆல்பத்தையும் அந்த மாதிரி ஒரு படத்துக்கு மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

போவதற்கு முன்

முதலில் பூசாரியிடம் பேசுங்கள். அலங்காரம் கலைத்து, அபிஷேகம் முடித்து, துடைத்த பிறகு ஒரு அரைமணி நேரம் கேளுங்கள். சில கோயில்களில் வெளியாள் சாமியைத் தொடக் கூடாது. சரி, பூசாரியே திருப்பி வைக்கட்டும், நீங்கள் படம் மட்டும் எடுங்கள். கமிட்டி ஆட்கள் இருவர் பக்கத்தில் இருப்பது உங்களுக்கும் நல்லது. பிற்பாடு ஏதாவது காணாமல் போனால் கடைசியாகத் தொட்டது யார் என்றுதான் முதல் கேள்வி வரும்.

எடுத்துப் போக வேண்டியவை: சென்டிமீட்டர் போட்ட இரும்பு ஸ்கேல், தையல் டேப், பெட்டி நிறுக்கும் தூக்குத் தராசு, சாயம் போகாத சாம்பல் நிறத் துணி இரண்டு மீட்டர், ஒரு டார்ச், பென்சில், நோட்டு. எல்லாம் சேர்த்து ஐம்பது ரிங்கிட்டுக்குள் முடியும். வெள்ளைத் துணி வேண்டாம், கைப்பேசி குழம்பிப்போய்ச் சிலையைக் கறுப்பாக்கிவிடும்.

எடுக்கும் விதம்

வாசல் பக்கம் வெளிச்சம் வரும் இடமாகப் பார்த்து மேசை போட்டுத் துணியை விரியுங்கள். நேர் வெயில் கூடாது. ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். துலக்கிய ஐம்பொன்னில் ஃபிளாஷ் பட்டால் மூக்கும் மார்பும் வெள்ளைப் பொட்டாகிப் போகும், செதுக்கல் ஒன்றும் தெரியாது. முகத்தை மெருகேற்றும் வசதி எதுவும் கைப்பேசியில் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். முருகனுக்கு அது தேவையில்லை.

கிட்டே போய் எடுக்காதீர்கள். எல்லாரும் செய்யும் தப்பு இதுதான். கிட்டே போனால் நடுவில் இருப்பது பெருத்து, மேலும் கீழும் சிறுத்துவிடும். ஸ்டூடியோவில் மாப்பிள்ளையின் மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்று சண்டைக்கு வருவார்களே, அதே கோளாறு. இரண்டு மீட்டர் பின்னால் தள்ளி நின்று, இரட்டைப் பெருக்கத்தில் (2x ஜூம்) வைத்து எடுங்கள். கைப்பேசி சிலையின் வயிற்று உயரத்தில் இருக்கட்டும். நின்றபடி மேலிருந்து எடுத்தால் உயரத்தை அளக்கவே முடியாது.

ஸ்கேலைச் சிலையின் பக்கத்தில், சிலை எவ்வளவு தூரத்தில் நிற்கிறதோ அதே தூரத்தில் நிறுத்துங்கள். முன்னால் தள்ளி வைத்தால் ஸ்கேல் பெரிதாகவும் சிலை சிறிதாகவும் விழும். ஒரு துண்டுத் தாளில் வரிசை எண்ணும் தேதியும் எழுதி அதுவும் படத்துக்குள் வரட்டும். முன்பக்கம், பின்பக்கம், இடம், வலம். அப்புறம் பீடத்தைச் சாய்த்து அடிப்பக்கம். அடிப்பக்கத்தை யாரும் எடுப்பதில்லை. உண்மையில் அங்கேதான் விஷயம் இருக்கிறது. வார்ப்பின்போது உள்ளே தங்கிய களிமண், உலோகம் ஓடாமல் விட்ட ஓட்டை, உபயம் செய்தவர் பெயர் எல்லாம் அங்கேதான் கிடக்கும்.

இதையெல்லாம் எடுத்த பிறகு உங்கள் ஆசைக்கு மாலை போட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்க அடையாளம்

பழைய பள்ளிச் சான்றிதழில் 'வலது முழங்கையில் ஒரு மச்சம்' என்று எழுதுவார்களே, சாமிக்கும் அதுதான் வேண்டும். கெட்டியாக வார்க்கிற மெழுகு வார்ப்பில் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். ஆகவே ஒன்றைப் போல இன்னொன்று வராது. ஒரே ஸ்தபதி ஒரே அளவில் செய்த இரண்டு சிலைகளிலும் குறைகள் வேறு வேறு இடத்தில் இருக்கும். அந்தக் குறைகளைத்தான் தேட வேண்டும்.

போன வருடம் பட்டர்வொர்த்தில் ஒரு வீட்டு அம்மன் சிலையைப் பதிவு செய்தேன், கையளவுதான் இருக்கும். வீட்டுக்காரம்மா, "குறை ஒன்றும் கிடையாது, அப்படியே இருக்கும்" என்றார். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து ஒரு மணி நேரம் பார்த்தோம். திருவாசியில் பதினேழு சுடர். இடமிருந்து ஐந்தாவது சுடரின் நுனி மழுங்கியிருந்தது. வலது காதோலையில் துளை ஒருபக்கம்தான் போயிருந்தது. பீடத்தின் பின்னால் நெல்மணி அளவுக்கு ஒரு பள்ளம், அதற்குள் பித்தளையில் ஒட்டுப்போட்டிருந்தது. மூன்றையும் தனித்தனியாகக் கிட்டத்தில் எடுத்து, எந்த இடம் என்று எழுதி வைத்தோம். அந்தம்மா ஒட்டுப்போட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நாற்பது வருடமாகக் குளிப்பாட்டுகிறேன், இதைப் பார்த்ததே இல்லை" என்றார்.

ஒரு வேண்டுகோள். படத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று முந்தின நாள் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். புளிப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கலைத் தின்கிறது. கண் இமை போன பிறகு அடையாளம் எங்கே தேடுவது?

உயரம், அகலம், கனம், எடை, என்ன உலோகம் அல்லது என்ன கல், என்ன எழுத்து இருக்கிறது, யார் கொடுத்தது, எப்போதிலிருந்து இருக்கிறது. இவ்வளவையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஆப்ஜெக்ட் ஐடி என்று 1997-இல் வந்த உலகப் பொதுப் படிவம் ஒன்று உண்டு, அதுவும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்கிறது. இன்டர்போல் 2021-இல் ஐடி-ஆர்ட் என்ற இலவசச் செயலியை விட்டிருக்கிறது. அதிலேயே உங்கள் பொருளைப் பதிந்துவைக்கலாம். எனக்குத் தாள்தான் பிடிக்கும்.

கல்லும் கல்லறையும்

தோட்டத்து இடுகாடுகள் வேகமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடுகள் வருகின்றன. அங்கே இருக்கும் கல்லில் எழுத்து மங்கியிருந்தால் சுண்ணாம்புக்கட்டியைத் தேய்ப்பது, மாவு பூசுவது, கம்பிப் பிரஷ் போடுவது என்று ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். எதுவும் வேண்டாம். சாயங்காலம் இருட்டத் தொடங்கியதும் போங்கள். ஒருவர் டார்ச்சைக் கல்லின் ஓரத்தில், கல்லோடு ஒட்டினாற்போலப் படுக்கையாகப் பிடிக்கட்டும். பகலில் வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் எழுத்து ஒவ்வொன்றாக நிழல் கட்டி எழும்பும். டார்ச்சை இடப்பக்கம், மேல்பக்கம் என்று மாற்றி மாற்றி நான்கு படம் எடுங்கள். பகலில்தான் போக முடியும் என்றால் ஒருவர் குடை பிடித்து நிழல் கொடுக்க, இன்னொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பலாம்.

எழுத்தைப் படியெடுக்கும்போது திருத்தாதீர்கள். கல்லில் 'வருஷம்' என்று இருந்தால் வருஷம், பிழையாக 'மரனம்' என்று இருந்தால் மரனம். யானைத் துதிக்கை போட்ட பழைய லை, னை வந்தால் அப்படியே வரைந்துகொள்ளுங்கள். கல் எந்தக் காலத்தது என்பதற்கு அதுவும் ஒரு குறிப்பு. படிக்க முடியாத எழுத்துக்கு ஒரு புள்ளி வையுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். 'விபவ வருஷம் ஆடி மாதம்' என்று மட்டும் இருந்தால் அது 1928-ஆகவும் இருக்கலாம், 1988-ஆகவும் இருக்கலாம், அறுபது வருடச் சுற்று. எழுத்தின் பாணியும் பக்கத்துக் கல்லும்தான் எது என்று சொல்லும்.

மண்ணுக்குள் ஏதாவது கண்டால்

கை வைக்காதீர்கள். கழுவாதீர்கள். இந்த இரண்டாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

பெத்தேன் காட்டில் ரியோ அசுல் என்று ஒரு மாயன் நகரம். 1970களின் பிற்பாதியில் திருடர்கள் அங்கே கல்லறைகளை வரிசையாகக் காலி செய்தார்கள். போன பானைகள் எந்தக் கல்லறையில், யார் தலைமாட்டில் இருந்தவை என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அவர்கள் கண்ணில் படாமல் தப்பிய ஒரு கல்லறையை 1984-இல் ஆய்வாளர்கள் திறந்தார்கள். உள்ளே ஒரு பானை. மூடியைத் திருகிப் பூட்டுகிற மாதிரிச் செய்தது. மேலே இருந்த எழுத்துகளில் ஒன்று கக்காவ் என்று படிக்கப்பட்டது. உள்ளே ஒட்டியிருந்த காய்ந்த கறையைச் சுரண்டி ஹெர்ஷே சாக்லேட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். கொக்கோதான்! பதினைந்து நூற்றாண்டுக்கு முந்தைய பானம். ஒரு திருடன் கையில் கிடைத்திருந்தால் விலை கூட வேண்டும் என்று முதல் வேலையாக உரசிக் கழுவியிருப்பான்.

தமிழ்நாட்டில் மண்ணுக்குள் கிடைத்துக் கடத்தப்பட்ட பத்தூர் நடராஜர், லண்டனில் வழக்கு நடந்து 1991-இல் இந்தியா திரும்பியதற்கும் ஒட்டியிருந்த அழுக்கு உதவியது. சிலையின் மண்ணையும் கரையான் தடத்தையும் அதே குழியில் கிடைத்த மற்றச் சிலைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

நம் செபராங் பிறையில் குவார் கெப்பா இருக்கிறது. கற்கால மனிதர்கள் தின்று போட்ட சிப்பி ஓடுகள் மேடு மேடாகக் கிடந்த இடம், நடுவே அவர்கள் புதைத்த எலும்புகள். அந்த மேடுகளைச் சுண்ணாம்பு சுடுவதற்காக வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். திருட்டுகூட இல்லை, சும்மா அறியாமை. எல்லாம் போய்விட்டது என்று நினைத்திருந்த இடத்தில், 2017 ஏப்ரலில் காட்சியகம் கட்ட நிலத்தைத் தயார் செய்தபோது ஐயாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. பினாங்குப் பெண் என்கிறார்கள். ஆற்றைத் தாண்டிக் கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி (பழங்காலக் கோயில்) அவ்வளவு அதிர்ஷ்டம் செய்யவில்லை. நிலத்தைச் சமன்படுத்தும் வேலையில் இடிந்துபோனது 2013-இல் வெளியே தெரிந்தது.

ஆகவே மண்வெட்டியில் ஏதாவது தட்டினால் நிறுத்திவிட்டு, இருந்த இடத்திலேயே, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். தூரத்தில் நின்று, மரமோ கம்பமோ தெரியும்படி இன்னொன்று. மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு மாவட்ட அலுவலகத்துக்கோ தேசியப் பாரம்பரியத் துறைக்கோ சொல்லுங்கள். 2005ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரியச் சட்டப்படி கண்டெடுத்தவர் உடனே தெரிவித்தாக வேண்டும். வேலை நின்றுபோகும் என்று குத்தகைக்காரர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

படங்களை என்ன செய்வது

மூன்று இடம். ஒன்று கமிட்டிக் கோப்பில் அச்செடுத்த தாள், ஒன்று பென்டிரைவில், ஒன்று ஊரிலேயே இல்லாத ஒருவரிடம். கோலாலம்பூரில் இருக்கும் என் மகளிடம் பதினான்கு கோயில்களின் படங்கள் இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் படம் சுருங்கிவிடும், ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.

பேஸ்புக்கில் போடாதீர்கள். என்ன இருக்கிறது, எவ்வளவு எடை, கதவு எந்தப் பக்கம் என்று திருடனுக்கு நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். இடக் குறிப்பு படத்தோடு ஒட்டிக்கொண்டு போகும், அதை வெளியாருக்குக் கொடுக்கும் படத்தில் நீக்கிவிடுங்கள். 2018-இல் பெத்தேன் காட்டை விமானத்திலிருந்து லேசரால் அளந்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைக் கண்டதாக அறிவித்தார்கள். உலகமே கைதட்டியது. என் மகளின் முதல் கேள்வி, அந்த வரைபடம் யார் யார் கைக்குப் போகும் என்பதுதான்.

திருட்டு நடந்தால் அன்றைக்கே அந்தத் தாளோடு போய்ப் புகார் கொடுங்கள். உடைத்த கதவை அதற்குள் சரிசெய்துவிடாதீர்கள். யாராவது உங்களிடம் பழைய ஐம்பொன் ஒன்றை மலிவாகத் தருகிறேன் என்றால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். 'பாட்டி வீட்டுச் சாமான்' என்று மட்டும் பதில் வந்தால், எந்தப் பாட்டி, எந்த ஊர் என்று அடுத்ததைக் கேளுங்கள்.

ஏற்கெனவே போயிருந்தால்

எங்கள் முருகனுக்கு இந்த வேலையைப் போன வருடம்தான் செய்தேன். பழைய நெகட்டிவ் பெட்டிகளைக் கிளறியபோது 1987-இல் அந்தக் கோயிலில் நடந்த ஒரு கல்யாணம் கிடைத்தது. விடிகாலை முகூர்த்தம், அபிஷேகம் முடிந்து அலங்காரம் ஆவதற்குள் தாலி கட்டிவிட்டார்கள். அதில் ஒரு படத்தில் பெண் கண்ணை மூடிவிட்டாள், மாப்பிள்ளை வேறெங்கோ பார்க்கிறான். ஆல்பத்தில் சேர்க்காமல் ஒதுக்கிய படம். அவர்கள் தோளுக்குப் பின்னால் முருகன் வெறும் உடம்போடு நிற்கிறார், பீடம் முதல் கிரீடம் வரை. வேலின் தண்டு லேசாக இடப்பக்கம் வளைந்திருக்கிறது. அது எங்கள் யாருக்கும் நினைவில் இல்லை.

பக்கத்தில் ஒட்டினாற்போல ஒரு குத்துவிளக்கு. திருட்டு நடந்த இரவு அது துலக்குவதற்காகப் பூசாரி வீட்டில் இருந்ததால் தப்பியது, இன்னும் கோயிலில்தான் இருக்கிறது. போய் அளந்தேன், 60 சென்டிமீட்டர். படத்தில் விளக்கு ஏழரை சென்டிமீட்டர் இருந்தது, எட்டில் ஒரு பங்கு. முருகன் 4.8. எட்டால் பெருக்கினேன். தாளில் உயரம் என்ற இடத்தில் பென்சிலால் 38 என்று எழுதி, பக்கத்தில் 'சுமார்' என்று போட்டிருக்கிறேன். தலைவரும் தப்பு, செயலாளரும் தப்பு.